கரிசலின் மாசி அந்துப்பூச்சி: பச்சைக் காய்ப்புழுவை இனங்காணலும் அதன் வாழிடமும்

1. நோக்கம்

தை பிறந்து பனி இறங்கும் நாட்களில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களின் தெருவிளக்குகளில் பழுப்பு நிற அந்துப்பூச்சிகள் மொய்க்கின்றன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் அவற்றுள் குறைந்தது நான்கைந்து இனங்கள் கலந்திருக்கும். ஒவ்வொன்றின் புழுவும் வேறு செடியை, வேறு விதமாகத் தின்னும். அவற்றுள் மிகப் பரவலான பச்சைக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சியை அடையாளம் காணும் முறையையும், மாசி–பங்குனியில் அது தங்கும் இடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சிறகைப் பார்த்து மட்டும் இந்தப் பூச்சியை முழுமையாக அறிய முடியாது. நிலத்தையும் பருவத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அடையாளம் உறுதிப்படும். அந்த அடையாளம் பயன்படவும் செய்யும் என்பதே இதன் கருத்து.

2. களம்

கோவில்பட்டிக் கரிசல் களிமிகுந்த மண். மழையில் உப்பி ஈரத்தைப் பிடித்துவைக்கும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஆண்டு மழையில் பெரும்பங்கை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையே தருகிறது. எனவே புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு நடக்கிறது. தை முதல் அறுவடை தொடங்குகிறது. 1901இல் இங்கே தொடங்கப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இந்தியாவின் பழமையான மானாவாரி ஆய்வு மையங்களுள் ஒன்று. கருங்கண்ணிப் பருத்தியின் ‘கே’ வரிசை இரகங்கள் அங்கிருந்து வந்தவை.

பூச்சியின் நோக்கில் இந்தப் பயிர்முறையில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. மார்கழியில் உளுந்து, பாசி, சோளம், கம்பு, மக்காச்சோளம், சூரியகாந்தி என்று காடு முழுவதும் பசுமையாக இருக்கும். தையில் அவை ஒவ்வொன்றாக அறுவடையாகின்றன. மாசியில் பருத்தி, மிளகாய், கொண்டைக்கடலை ஆகிய சில பயிர்களே பச்சையாக நிற்கும். பரந்து வாழ்ந்த அந்துப்பூச்சி அந்தச் சிறு பரப்புக்குள் கூடுகிறது.

3. பெயரும் வகைப்பாடும்

ஹூப்னர் 1808இல் விவரித்த இப்பூச்சியின் இன்றைய அறிவியல் பெயர் ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா. இதைத் தாங்கும் பேரினத்தை ஹார்ட்விக் 1965இல் பிரித்து நிறுவினார். இது நாக்டுயிடே குடும்பத்தைச் சேர்ந்தது. உழவர்கள் இதைப் பச்சைக் காய்ப்புழு என்றும் அமெரிக்கன் காய்ப்புழு என்றும் அழைக்கின்றனர். உண்மையில் இது ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களின் பூச்சி. தென் அமெரிக்காவில், பிரேசிலில், இது இருப்பது உறுதிசெய்யப்பட்டது 2013இல்தான்.

4. இனங்காணல்

4.1 சிறகேறிய நிலை

சிறகு விரித்த அகலம் 30 முதல் 40 மி.மீ. ஆணின் முன்சிறகு பச்சை கலந்த சாம்பல் அல்லது மஞ்சள் நிறம், பெண்ணுடையது செம்பழுப்பு. முன்சிறகின் நடுவில் சிறுநீரக வடிவக் கறை ஒன்றும், வெளிவிளிம்பை ஒட்டி வரிசையாகச் சிறு கரும்புள்ளிகளும் இருக்கும். இந்த நிறங்கள் பூச்சிக்குப் பூச்சி மாறும். பறந்து பறந்து செதில் உதிர்ந்தால் மங்கியும் போகும். ஆகவே முதன்மை அடையாளத்தைப் பின்சிறகில் தேட வேண்டும். வெளிறிய வைக்கோல் நிறப் பின்சிறகின் வெளிவிளிம்பில் அகலமான கரும்பட்டை ஓடும். அப்பட்டையின் நடுவே ஒரு வெளிறிய திட்டு தெரியும்.

4.2 முட்டையும் புழுவும்

முட்டை உருண்டையானது, நீளவாட்டில் வரிகள் கொண்டது, சுமார் அரை மி.மீ. அளவு. தாய்ப்பூச்சி பல நூறு முட்டைகளை, சில வேளை ஆயிரத்துக்கும் மேல், கொழுந்திலும் சப்பையிலும் பூவிலும் தனித்தனியாக இடும். வளர்ந்த புழு 35 முதல் 40 மி.மீ. நீளம். நிறம் பச்சை, பழுப்பு, இளஞ்சிவப்பு என்று பலவாறாக மாறினாலும் உடலின் இரு பக்கமும் நீளமான வெளிர்க்கோடு தெரியும். பருத்திக் காயில் வட்டமாகத் துளையிட்டு, தலையை உள்ளே நுழைத்துப் பின்னுடலை வெளியே விட்டபடி தின்னும். காயின் வாயில் எச்சம் கிடக்கும்.

4.3 மயங்கக்கூடிய இனங்கள்

புரோடீனியா எனப்படும் புகையிலை வெட்டுப்புழுவின் முன்சிறகில் வெண்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பின்சிறகு கரும்பட்டையின்றி வெள்ளையாக இருக்கும். அதன் முட்டைகள் குவியலாக, மயிர் போர்த்திக் கிடக்கும். மக்காச்சோளப் படைப்புழு 2018இல் இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டிலேயே தமிழகத்துக்கும் பரவியது. அதற்கும் பின்சிறகு வெள்ளையே; ஆணின் முன்சிறகு நுனியருகே வெண்திட்டு இருக்கும்.

புள்ளிக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சி சிறியது. ஒரு வகைக்கு வெளிர் முன்சிறகில் பச்சை ஆப்பு போன்ற பட்டை உண்டு; மற்றொரு வகையின் முன்சிறகு முழுப் பச்சை. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுடையது அதனினும் சிறியது, கரும்பழுப்பு நிறம். அதன் புழு காய்க்குள்ளேயே அடைபட்டு வாழ்வதால் வெளியே துளை தெரியாது. பச்சைக் காய்ப்புழுவின் நெருங்கிய உறவான ஹெலிகோவெர்பா அசல்டாவைப் பிரித்தறியச் சிறகு மட்டும் போதாது. ஆணின் இனவுறுப்பை அறுத்துப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

5. வாழிடம்

5.1 பயிரும் பொழியும்

இந்தியாவில் 180க்கும் மேற்பட்ட தாவர இனங்களில் இந்தப் புழு பதிவாகியுள்ளது. எனவே ஒரு பயிரை மட்டும் இதன் வீடு என்று சொல்லிவிட முடியாது. கம்பு, சோளக் கதிர், மக்காச்சோளக் கதிர், சூரியகாந்திப் பூவட்டு, கொண்டைக்கடலைக் காய், பருத்திக் காய் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்ந்துகொண்டே இது ஆண்டைக் கடத்துகிறது. பகலில் இலைமறைவில் ஒடுங்கியிருக்கும். பொழுது சாய்ந்ததும் தேன் தேடிப் பறக்கும். காற்றோடு நெடுந்தொலைவு இடம்பெயரவும் இதனால் முடியும். பொழிகளிலும் ஓடைக்கரைகளிலும் முளைக்கும் துத்தி முதலிய களைகள், பயிர் இல்லாத இடைவெளியில் இதற்குப் பாலமாகின்றன.

5.2 மண்

முற்றிய புழு செடியை விட்டு இறங்கி, மண்ணுக்குள் சில அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. அதற்கு முன்பே, பின்னர் பூச்சி வெளியேறுவதற்கான வழியையும் மேல்மண் வரை அமைத்துவைக்கிறது. வெப்ப நாட்களில் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அந்துப்பூச்சி அவ்வழியே மேலே வரும். ஆக, பருத்தி மாறைப் பிடுங்கிய பின்னும் அடுத்த தலைமுறை கரிசலுக்குள் உயிரோடு இருக்கிறது.

நம்முடையதைப் போன்ற கருங்களி மண்ணில் பருத்தி விளையும் ஆஸ்திரேலியாவில் இந்த அறிவையே ஆயுதமாக்கினார்கள். அறுவடைக்குப் பின் உழுது கூட்டுப்புழுவையும் அதன் வழியையும் சிதைப்பது அங்கே பூச்சிக்கொல்லி எதிர்ப்புத்திறனைத் தடுக்கும் திட்டத்தின் ஒரு பகுதி. நம் கோடை உழவும் அதையே செய்கிறது: கூட்டுப்புழுவைப் புரட்டி வெயிலுக்கும் பறவைக்கும் கொடுக்கிறது.

6. இனங்காணலின் பயன்

1980களின் இறுதியில் ஆந்திரப் பருத்திக் காடுகளில் பைரித்ராய்டு மருந்துகளை எதிர்க்கும் திறன் பெற்ற பச்சைக் காய்ப்புழு பெருகியது. மருந்து மேல் மருந்து அடித்தும் விளைச்சல் போயிற்று. கடனில் மூழ்கி உழவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். 2002இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட பிடி பருத்தி இப்புழுவைப் பெரிதும் அடக்கியது. ஆனால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பிடி நஞ்சையும் எதிர்க்கத் தொடங்கிவிட்டது. எனவே மாசியில் காய் கெட்டிருந்தால், கெடுத்தது எது என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும்.

இனக்கவர்ச்சிப் பொறி இதற்கு உதவும். ஒவ்வொரு இனத்தின் பெண்பூச்சிக்கும் தனி மணக்கலவை உண்டு. பச்சைக் காய்ப்புழுவின் கவர்ச்சிக் குப்பி இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை இழுக்காது. ஏக்கருக்கு ஐந்து பொறிகள் வைத்து, விழுந்த பூச்சிகளின் பின்சிறகை விரித்துப் பார்த்தால் பூச்சி உறுதிப்படும். எண்ணிக்கை ஏறினால் சில நாளில் கொழுந்தில் முட்டை தேட வேண்டும். இளம்புழு நிலையில் இதற்கே உரிய என்.பி.வி. நச்சுயிரிக் கரைசலை மாலையில் தெளித்தால், வேறு பூச்சிகளுக்குத் தீங்கின்றி இப்புழு மடியும். கரிச்சான் வந்து உட்காரக் காட்டில் குச்சிகள் நட்டுவைப்பதும் பலன் தரும்.

7. முடிவுகள்

ஒன்று, பச்சைக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சிக்கு நம்பத்தக்க களஅடையாளம் பின்சிறகின் கரும்பட்டை. இரண்டு, அதன் வாழிடம் பயிர், பொழி, மண் ஆகிய மூன்றும் சேர்ந்தது; இவற்றில் ஒன்றை மட்டும் கவனித்தால் பூச்சி மற்ற இரண்டில் பிழைத்துக்கொள்ளும். மூன்று, கரிசலில் பசுமை சுருங்கும் மாசியே இதைக் கண்காணிக்க ஏற்ற காலம்.

மானாவாரி உழவருக்கு ஒரு முறை வீணாக அடித்த மருந்தின் செலவு கூடப் பெருஞ்சுமை. பின்சிறகை விரித்துப் பார்க்கும் பழக்கத்தை ஊர்ப் பள்ளிகளிலும் உழவர் குழுக்களிலும் கற்றுக்கொடுத்தால், மருந்துக்கடையில் கேட்பதற்கு முன்பே கரிசல் உழவர் தன் காட்டுப் பூச்சியின் பெயரைத் தானே சொல்வார். அந்த அறிவு அவருக்குக் கிடைக்க வேண்டும். அதைக் கொண்டுசேர்ப்பது பூச்சியியல் படித்த நம் ஒவ்வொருவரின் கடமை.