பூட்டிய மருத்துவமனையும் புகைப்படக் கருவியும்

1858ஆம் ஆண்டு சென்னையில் சில புகைப்படத் தொகுப்புகள் வெளியாயின. அவற்றில் ஒன்று ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் பற்றியது. படங்களை எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன். அப்போது அவர் சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு, மெழுகு பூசிய காகிதத்தில் நெகட்டிவ் எடுத்து, ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். ராயக்கோட்டை அப்போது போர்க்காலம் முடிந்து அரை நூற்றாண்டைக் கடந்திருந்த மலைக்கோட்டை. அந்த வேலைக்கு அரசின் உத்தரவு இருந்தது, படங்களுக்கு இடத்தின் பெயரும் ஆண்டும் இருந்தன. அதனால்தான், ராயக்கோட்டை சேலத்தைவிட்டுப் பிரிந்து இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் நிலையிலும், அந்தப் படங்களை வைத்து என்ன இருந்தது, என்ன போனது என்று பேச முடிகிறது. கைவிடப்பட்ட கட்டிடங்களைப் படமெடுக்கும் பழக்கம் மேல்நாட்டிலிருந்து நேற்று வந்ததல்ல என்பதற்கும், அதை ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதற்கும் அன்றைய சேலம் மாவட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது.

இன்று அந்தப் பழக்கம் வேறு வடிவம் எடுத்திருக்கிறது. மூடிக்கிடக்கும் ஆலைகள், திரையரங்குகள், எல்லாவற்றுக்கும் மேலாக மருத்துவமனைகள் என்று தேடி, சுவரேறிக் குதித்து, இரவில் உள்ளே போய்ப் படமெடுக்கிறார்கள். துருப்பிடித்த கட்டில், உடைந்த சக்கர நாற்காலி, பிணவறைக் கதவு ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. இது வெட்டிவேலை என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. துணிச்சல் என்று கொண்டாடுவோரும் உண்டு. இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து. பூட்டிய மருத்துவமனையைப் படமெடுப்பது மிக அவசியமான வரலாற்றுப் பணி. ஆனால் அந்தக் கட்டிடம் என்னவாக இருந்தது என்று அறிந்து, ஊரறியச் செய்தால்தான் அது வரலாறாகும். அப்படி அறிந்துகொள்வதுதான் படமெடுப்பவரின் உயிரையும் காக்கும். படத்தின் மதிப்பும் எடுப்பவரின் பாதுகாப்பும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

மருத்துவமனைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பதற்குக் கோலார் தங்கவயல் சான்று. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வேலையைத் தொடங்கிய பிறகு, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் சுரங்க வேலைக்குப் போயின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. பாறை வெடித்துச் சிதறும் விபத்துகளும், கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோயும் அங்கே அன்றாடம். 1940களில் நடந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது தெரிந்தது. நுரையீரல் எக்ஸ்ரே எடுத்து, நோயின் அளவைக் குறித்து, இழப்பீட்டுக்கு ஆதாரமாக நின்றது சுரங்கத்தின் மருத்துவமனை. ஒரு தொழிலாளியின் உடம்பில் சுரங்கம் என்ன செய்தது என்பதற்கு அங்கிருந்த எக்ஸ்ரே படமும் நோயாளி ஏடும்தான் சாட்சி. 2001 பிப்ரவரி 28 அன்று, அப்போது சுரங்கத்தை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது; மருத்துவமனையும் கூடவே பூட்டப்பட்டது. வார்டுகளில் கட்டில்கள் அப்படியே கிடந்தன. ஊரைச் சுற்றி மலைபோல் குவிந்த சயனைடு மண்மேடுகளிலிருந்து காற்றுக்காலத்தில் தூசி பறந்து வீட்டுக்குள் வருவது நிற்கவில்லை. அந்தத் தூசியால் வந்த இருமலைப் பார்த்த மருத்துவமனைதான் நின்றுபோனது.

இருபது ஆண்டுகள் கழித்து, 2021இல், கரோனா இரண்டாம் அலையில் படுக்கை கிடைக்காமல் மக்கள் தவித்தபோது, தன்னார்வலர்கள் அந்தக் கட்டிடத்துக்குள் இறங்கிக் குப்பையை அள்ளி, கழுவி, வெள்ளையடித்து, மீண்டும் நோயாளிகளுக்காகத் தயார் செய்தார்கள். பாழடைந்த கட்டிடம் என்று எல்லாரும் கைவிட்டதில் எத்தனை அறைகள் உறுதியாக இருந்தன என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. இருபது ஆண்டுகளில் ஒருமுறையாவது அறை அறையாக, தேதி போட்டுப் படமெடுத்து வைத்திருந்தால், எந்தக் கூரை நிற்கிறது, எந்தச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆவணப்படம் பழமையை ரசிப்பதற்கு மட்டும் அல்ல, நாளைய தேவைக்கும் பயன்படும் என்பதே இதன் பாடம். நியூயார்க் எல்லிஸ் தீவு இதை இன்னொரு விதத்தில் காட்டுகிறது. குடியேறிகளுக்காகக் கட்டப்பட்ட அந்த மருத்துவமனை வளாகம், 1954இல் தீவு மூடப்பட்ட பிறகு செடிகொடி படர்ந்து கிடந்தது. ஸ்டீபன் வில்க்ஸ் என்ற புகைப்படக்காரர் 1998 முதல் ஐந்தாண்டுகள் அனுமதியோடு உள்ளே போய்ப் பதிவு செய்தார். கட்டிடங்களை இடியாமல் நிறுத்த அமெரிக்க நாடாளுமன்றம் 60 லட்சம் டாலர் ஒதுக்கியதில் அந்தப் பதிவுகளுக்குப் பங்குண்டு. 2014 முதல் தலைக்கவசம் அணிந்த பார்வையாளர்களை அதே வார்டுகளுக்குள் அழைத்துப் போகிறார்கள்.

இனி ஆபத்தைப் பார்ப்போம். இதில் மக்கள் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல், அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுகிறார்கள். பேய் என்பார்கள், அல்லது பழைய நோயாளிகளின் கிருமி என்பார்கள். பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வார்டில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் உயிரோடு இருப்பதில்லை. வெளிப்பரப்பில் நெடுநாள் தாங்கும் மஞ்சள் காமாலை பி வைரஸே வாரக்கணக்கில்தான் பேசப்படுகிறது. உயிரை வாங்குபவை வேறு. முதலாவது கூரை. நம் பக்கத்துப் பழைய அரசுக் கட்டிடங்களில் பல மெட்ராஸ் டெரஸ் முறையில் கட்டியவை: தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, மேலே செங்கலைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கெட்டித்து, தட்டோடு பதிப்பார்கள். மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால், தேங்கிய நீர் சுண்ணாம்பின் வழியே இறங்கிக் கட்டையின் முனையை, அது சுவருக்குள் நுழையும் இடத்தில், உளுத்துப்போக வைக்கும். கரையானும் அங்கேதான் நுழையும். கீழிருந்து பார்த்தால் கட்டை முழுசாகத் தெரியும். மேலே ஒருவர் கால் வைத்தால் கூரையோடு கீழே வருவார். அடுத்தது மூடியில்லாத கிணறும் தண்ணீர்த் தொட்டியும் லிஃப்ட் குழியும். இருட்டில் கேமராத் திரையைப் பார்த்தபடி பின்னால் நகர்பவருக்கு இவை தெரியாது. பிறகு உடைந்த அஸ்பெஸ்டாஸ் கூரைத் தூசி, சிந்திய பாதரசம், வௌவால், புறா எச்சத்தில் வளரும் பூஞ்சை, ஜன்னல் விதானத்தில் தொங்கும் மலைத்தேன் கூடு, கல் இடுக்கில் கட்டுவிரியன். மருத்துவக் கழிவுகளுக்கென்று இந்தியாவில் தனி விதிகள் வந்ததே 1998இல்தான். அதற்கு முன் மூடப்பட்ட மருத்துவமனையின் பின்புறத்தில் ஊசியும் கண்ணாடியும் எங்கே புதைந்திருக்கும் என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று மருத்துவமனைக்கே உரியது. சாதாரண எக்ஸ்ரே கருவி மின்சாரம் இல்லாவிட்டால் வெறும் இரும்புதான். அதிலிருந்து கதிர் வராது. ஆனால் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்த பழைய கருவிகளில் கோபால்ட், சீசியம் போன்ற கதிரியக்கப் பொருள் இருக்கும். அது மின்சாரத்துக்குக் காத்திருக்காது. பிரேசிலின் கோயானியா நகரில் ஒரு கதிர்வீச்சு மருத்துவமனை இடம் மாறியபோது, சீசியம் 137 கொண்ட ஒரு கருவியைப் பழைய கட்டிடத்திலேயே விட்டுவிட்டது. 1987 செப்டம்பர் 13 அன்று இரண்டு பேர் அந்தப் பாழடைந்த கட்டிடத்துக்குள் போய், நல்ல விலைக்குப் போகும் என்று அதன் பாகத்தைக் கழற்றி எடுத்துவந்தார்கள். அது உடைக்கப்பட்டு, பழைய இரும்புக் கடைக்குப் போனது. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த தூளை அதிசயமென்று உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பங்கு வைத்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் உண்டு. 249 பேருக்குக் கதிரியக்கக் கறை கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் 2010இல் டெல்லி மாயாபுரி இரும்புச் சந்தையில் நடந்ததும் இதற்கு நெருங்கியதே. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த கோபால்ட் கருவி ஏலத்தில் பழைய இரும்பாகப் போனது. பிரித்தவர்களில் ஒருவர் இறந்தார், வேறு சிலர் கடும் பாதிப்புக்கு உள்ளானார்கள். இரண்டு இடத்திலும் குற்றவாளி ஒன்றுதான்: அந்தக் கருவி என்ன என்ற தகவல் கட்டிடத்தைவிட்டுப் போயிருந்தது.

உயிர் என்னுடையது, ஆபத்தை ஏற்பதும் என் விருப்பம் என்று சிலர் சொல்வார்கள். மலையேறுபவரைத் தடுக்கிறோமா என்றும் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் கோயானியாவில் இறந்த சிறுமி எந்தக் கட்டிடத்துக்குள்ளும் நுழையவில்லை. கிணற்றில் விழுந்தவரைத் தூக்க இறங்கும் தீயணைப்பு வீரரும், சம்பவத்துக்குப் பிறகு வேலையை இழக்கும் இரவுக் காவலாளியும் இந்த ஆபத்தை விரும்பி ஏற்றவர்கள் அல்லர். அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது: அனுமதி கேட்டால் கிடைக்காது, கோப்பு நகர்வதற்குள் கட்டிடம் இடிந்துவிடும். இதில் உண்மை இருக்கிறது. பாழான கட்டிடத்தைக் காட்ட எந்த அலுவலகமும் விரும்புவதில்லை. என்றாலும் பொதுச் சாலையில் நின்று முகப்பை நான்கு பருவத்திலும் எடுக்க யார் அனுமதியும் வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கட்டிட வரைபடத்தைக் கேட்கலாம். ஓய்வு பெற்ற செவிலியர், மருந்தாளுநர், துப்புரவுப் பணியாளரிடம் எந்த அறையில் என்ன இருந்தது என்று கேட்டு எழுதலாம். இப்படிச் சேர்த்த விவரத்தோடு போகும் மனுவுக்கு, வெறுங்கையோடு போகும் மனுவைவிட மதிப்பு அதிகம். கிணறு எங்கே, எக்ஸ்ரே அறை எங்கே, எந்தப் பகுதி எந்த ஆண்டு கட்டியது என்பதை அறிந்தவரால்தான் பத்திரமாகவும் நடக்க முடியும், படத்துக்கு அர்த்தமும் சொல்ல முடியும்.

ரகசியமாகப் போய் வருபவர்கள் இடத்தின் பெயரை வெளியிடுவதில்லை. சொன்னால் திருடர்களும் கிறுக்குபவர்களும் வந்துவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். கட்டிடத்தின் மேல் உள்ள அக்கறை அதில் தெரிகிறது. ஆனால் ஊர், தேதி, அறை எதுவும் இல்லாத படம் எந்த மருத்துவமனைக்கும் பொருந்தும். அதாவது எதற்கும் சாட்சியாகாது. பொதுவில் வெளியிடாவிட்டாலும், முழு விவரத்தோடு ஒரு பிரதியை நூலகத்திலோ கல்லூரியிலோ ஆவணக் காப்பகத்திலோ ஒப்படைக்கத் தடையில்லை. இன்னொரு பக்கத்தில் வெளியிடவே கூடாதவையும் உண்டு. மருத்துவர்கள் நோயாளி ஏடுகளைக் குறைந்தது மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. பூட்டிய மருத்துவமனையில் அதற்குப் பிறகு அவற்றைக் கேட்பாரில்லை. தரையில் சிதறிக் கிடக்கும் ஏட்டில் ஒரு பெண்ணின் பெயரும் நோயும் இருக்கலாம். அவர் பேத்தி அதே ஊரில் இருக்கலாம். அதை அழகான படமென்று வெளியிடுவது அத்துமீறல். அந்த ஏடு அங்கே கிடக்கிறது என்று உரிய துறைக்குத் தெரிவித்து மீட்கச் செய்வதே சரியான செயல்.

ஜெர்மனியில் பெர்லின் அருகேயுள்ள பீலிட்ஸ் காசநோய் மருத்துவமனை ஒரு நடுவழியைக் காட்டியிருக்கிறது. தொழிலாளர்களுக்காக 1898இல் கட்டத் தொடங்கிய அந்தப் பெரிய வளாகம், 1994 வரை சோவியத் படையின் மருத்துவமனையாக இருந்து, பிறகு பெரும்பாலும் கைவிடப்பட்டது. படமெடுக்க வந்தவர்கள் விழுந்து அடிபடுவது தொடர்ந்தது. 2015இல் மர உச்சிகளின் உயரத்தில் ஒரு நடைபாலம் கட்டி, இடிபாடுகளை மேலிருந்து பார்க்கவும் படமெடுக்கவும் வழி செய்தார்கள். பூட்டைப் பெரிதாக்கியதால் எதுவும் நின்றுவிடவில்லை. ஒழுங்கான வழி திறந்த பிறகுதான் பார்வையாளர் வரவு ஒரு முறைக்குள் வந்தது.

சேலம் அஸ்தம்பட்டிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 1862இல் தொடங்கிய மத்திய சிறை, பழைய மிஷன் வளாகங்கள், சுண்ணாம்புக் காரையில் கட்டிய அரசுக் குடியிருப்புகள் என்று ஒன்றரை நூற்றாண்டுக் கட்டிடக்கலை அந்த வட்டாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏற்காடு சாலையில் போனால், நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்களைத் தந்த மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. படப்பிடிப்புத் தளங்கள் எப்படி இருந்தன என்பதை இனி யாரும் நடந்து பார்க்க முடியாது. மருத்துவமனைகளுக்கும் அதே கதி வரலாம். 2022 ஜனவரியில் நாமக்கல் உட்பட 11 மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. புதிய வளாகம் எழும் இடத்திலெல்லாம் ஒரு பழைய வார்டு காலியாகும், பூட்டப்படும், பிறகு இடிக்கப்படும். எனவே மருத்துவமனை மூடப்படும் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை மூன்று: கருவிகளையும் கதிரியக்கப் பொருளையும் பட்டியலிட்டு அகற்றுவது, நோயாளி ஏடுகளைக் காப்பகத்துக்கு மாற்றுவது, அறை அறையாக அளந்து படமெடுப்பது. சுகாதாரத் துறையும் பொதுப்பணித் துறையும் இதை ஒரு விதியாக்க வேண்டும். சேலத்திலும் நாமக்கல்லிலும் கேமரா வைத்திருக்கும் இளைஞர்களும் கல்லூரிகளும் அந்தப் பணியில் தங்களுக்கு இடம் கேட்டு மனுக் கொடுக்கட்டும். கதவு திறந்திருக்கும்போதே, பகலில், ஊரறிய, தேதி போட்டு எடுங்கள். அந்தப் படம்தான் நூறாண்டு கழித்தும் பேசும்.