கிங் (குடும்பப் பெயர்)

கிங் என்பது இங்கிலாந்தில் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர். இப்பெயர் கொண்டோருள் குறிப்பிடத்தக்கவர்கள்:

வில்லியம் கிங் (இளையவர்): நிலவியலாளர்; இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் (1887–1894). 1863 செப்டம்பரில் சக நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட்டுடன் சென்று, சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் பழைய கற்காலக் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார். குவார்ட்சைட் கல்லைச் செதுக்கிச் செய்த கருவிகள் அவை. திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் நில அமைப்பு பற்றி இருவரும் எழுதிய ஆய்வுரை 1864இல் வெளிவந்தது. அந்த நிலப்பரப்பின் பாறைகளை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவராகக் கிங் நன்றியுடன் நினைக்கத்தக்கவர்.

வில்லியம் கிங் (மூத்தவர்): மேற்சொன்னவரின் தந்தை, அயர்லாந்தின் கால்வே நகரில் பேராசிரியர். நியாண்டர்தால் மனிதருக்கு ‘ஹோமோ நியாண்டர்தாலென்சிஸ்’ என்னும் அறிவியல் பெயரை 1864இல் வெளியிட்டார்.

டபிள்யூ. ஜி. கிங்: சென்னை மாகாணச் சுகாதார ஆணையர். பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்க 1899இல் தொடங்கப்பட்ட கிண்டி கிங் நிறுவனம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

மார்ட்டின் லூதர் கிங் (1929–1968): அமெரிக்கக் குடிமை உரிமைப் போராளி, 1964ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். 1959இல் இந்தியாவுக்கு வந்தார்.