முனைய இடைமுகத்தில் தமிழ்

முனைய இடைமுகம் என்பது எழுத்துகளையும் கோடுகளையும் மட்டும் கொண்டு கணினித் திரையில் பட்டியல், படிவம், சாளரம் முதலியவற்றை அமைக்கும் முறை.

வரலாறு

திரையைக் கட்டங்களாகப் பகுக்கும் வழக்கத்தின் வேர் துளையட்டையில் உள்ளது. ஐபிஎம் நிறுவனம் 1928இல் 80 பத்தி அட்டையைக் கொண்டுவந்தது. 1978இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 முனையமும் 80 பத்தி, 24 வரி உடையது. முனையத்துக்கு முனையம் கட்டளைக் குறிகள் வேறுபட்டதால், பெர்க்லியில் பில் ஜாய் அவற்றைத் தொகுத்து டெர்ம்கேப்பை உருவாக்கினார். அவருடைய விஐ தொகுப்பானிலிருந்த நிரலை அடிப்படையாக்கி, கென் ஆர்னால்டு கர்சஸ் நூலகத்தை எழுதினார். ரோக் விளையாட்டால் அது புகழ்பெற்றது. அதன் வழிவந்த என்கர்சஸ் 1993இல் வெளியானது. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்னும் அடிப்படை ஆங்கிலத்தை ஒட்டியே அமைந்தது.

தமிழின் கணக்கு

1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனிக் குறியீடுகள். ‘தமிழ்’ என்பதில் எழுத்துகள் 3. பைத்தான் மொழியின் ‘லென்’ சார்பு தரும் விடை 5. யுடிஎஃப்-8இல் 15 பைட்டுகள். லினக்சில் ஒவ்வொரு குறியீட்டின் அகலத்தையும் கணக்கிடும் ‘டபிள்யூசிவிட்த்’ சார்பின் விடைகளைக் கூட்டினால் பெரும்பாலும் 4 வரும். இகரக் குறிக்கு ஒரு கட்டம், புள்ளிக்குக் கட்டமில்லை. எழுத்துக்கொரு குறியீடு தரும் டேஸ்16 முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றது. ஆயினும் ‘கௌ’ போன்ற அகன்ற எழுத்துகள் ஒரு கட்டத்தில் அடங்காததால், குறியேற்றத்தை மாற்றுவது மட்டும் இந்த அகலச் சிக்கலுக்குத் தீர்வாகாது.

தொடக்கநிலைப் பிழைகள்

சி மொழியில் கர்சஸைத் தொடங்கும் ‘இனிட்ஸ்கிரீன்’ அழைப்புக்கு முன் ‘செட்லொகேல்’ அழைக்காவிட்டால் தமிழ் சிதைந்து தெரியும். அகல எழுத்துகளுக்கான என்கர்சஸ்டபிள்யூ நூலகத்தையே இணைக்க வேண்டும். ‘லென்’ தரும் எண்ணைக் கொண்டு சட்டம் வரைந்தால் வலப்பக்கக் கோடு வரிக்கு வரி விலகும். அகலச் சார்பைக் கொண்டே இடைவெளி நிரப்ப வேண்டும். நீண்ட சொல்லை வெட்டும்போது எழுத்தின் நடுவே வெட்டினால் ‘மி’ வெறும் ‘ம’ ஆகிவிடும். ஓப்பன்-தமிழ் நூலகம் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். கர்சஸில் வரி எண் முதலிலும் பத்தி எண் அடுத்தும் வரும். மாற்றி எழுதுவோர் பலர். ‘ரிஃப்ரெஷ்’ அழைக்காமல் எழுதியது பொதுவாகத் திரைக்கு வராது. நிரல் இடையில் முறிந்து, தட்டச்சு செய்வது தெரியாமல் போனால் ‘ரீசெட்’ கட்டளை உதவும். பைத்தானில் ‘கர்சஸ்.ராப்பர்’ முனையத்தைத் தானே மீட்டுவிடும்.

இன்றைய நிலை

அகலக் கணக்கு இன்றும் முனையத்துக்கு முனையம் மாறுகிறது. ஆகவே தமிழில் இடைமுகம் எழுதுவோர், ஆங்கிலச் சொற்களோடு நில்லாமல், தமிழ்ச் சொற்களை இட்டும் சோதித்த பிறகே நிரலை வெளியிட வேண்டும்.