நாடி ஓடும் வேகம்

போடிமெட்டு ஏலத்தோட்டத்தில் நாற்பது வருடம் ஏறி இறங்கிய தாத்தாவுக்குப் போன வருடம் பக்கவாதம். கழுத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டர், "ரத்தக்குழாய் இறுகிப்போச்சுப்பா" என்றார். இதை எப்படி அளக்கிறார்கள் என்று தேடினேன் நண்பர்களே.

குழாய் இறுக இறுக நாடி அலை வேகமாக ஓடும். நெதர்லாந்தின் மோன்ஸும் கோர்ட்டெவெக்கும் 1878-லேயே இதற்குச் சூத்திரம் தந்துவிட்டார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது, அதற்குக் குழாய் எவ்வளவு விரிகிறது என்று தெரிந்தால் வேகத்தைக் கணக்கிடலாம் என்றார்கள் இங்கிலாந்தின் பிராம்வெல்லும் ஹில்லும், 1922-ல். அந்த விரிவைப் பின்னாளில் அல்ட்ராசவுண்ட் வெளியிலிருந்தே காட்டியது. நம் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'ஆர்ட்சென்ஸ்' கருவிக்குப் படம்கூட வேண்டாம், எதிரொலியே போதும்.

தாத்தாவுக்கு அதற்கு முன் பிரஷர்கூட யாரும் பார்த்ததில்லை. உங்கள் வீட்டில் பார்த்துவிட்டீர்களா?