இசையும் அதன் பெயர்ச் சீட்டும்

மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாக நான் பணியில் சேர்ந்தபோது எனக்கு முதன்முதலாகக் கற்பிக்கப்பட்ட பாடம், தலைப்பு எழுதப்படாத கோப்பு இல்லாத கோப்புக்குச் சமம் என்பது. அலமாரியில் அது பத்திரமாக இருக்கலாம். ஆயினும் வேண்டிய வேளையில் தேடி எடுக்க முடியாத ஒன்றை உடைமை என்று எப்படிச் சொல்வது? இப்பாடம் சங்கீதத்துக்கும் பொருந்தும் என்பதை அண்மையில் ஒரு மாலைப் பொழுதில் அறிந்து கொண்டேன்.

டில்லியில் எங்கள் குடியிருப்பில் வயது முதிர்ந்த சாரங்கிக் கலைஞர் ஒருவர் வசிக்கிறார். பெரிய பாடகர்கள் பலருக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். அவருடைய பேத்தி கைப்பேசியில் பழைய கயால் பதிவு ஒன்றைத் தேடிப் பிடித்து ஒலிக்கச் செய்தாள். முதல் வில் வீச்சிலேயே பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவர் வாசித்தது. "இதில் என் பெயர் இருக்கிறதா, பார் அம்மா" என்று கேட்டார். அவள் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "பாடினவர் பெயர் மட்டுந்தான் இருக்கிறது, தாதாஜி" என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடியும்வரை கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார்.

இன்று இணையத்தின் வழியாக, கேட்ட பாட்டைக் கேட்ட நேரத்தில் அனுப்பி வைக்கும் ஸ்ட்ரீமிங் சேவைகள் பல உள்ளன. அவற்றுள் பெரியவை ஒவ்வொன்றும் 10 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் தம்மிடம் உண்டென்று கூறுகின்றன. எந்தச் சேவை சிறந்தது என்று ஆராய்வோர் மாதக் கட்டணம், ஒலியின் தெளிவு, பதிவுகளின் தொகை ஆகிய மூன்றையே பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். ராக சங்கீதத்தையோ ஐரோப்பியச் செவ்வியல் இசையையோ நாடும் ரசிகருக்கு நான்காவது கேள்வி ஒன்று உண்டு. ஒலிக்கும் உருப்படி இன்னது, அதை இயற்றியவர், பாடுகிறவர், உடன் வாசிக்கிறவர் இன்னார் என்ற விவரங்களை அந்தச் சேவை தருகிறதா? இவ்விவரங்கள் அடங்கிய குறிப்பைப் பெயர்ச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். அதன் வரலாற்றைப் பார்த்தால் இன்றைய குறை எங்கே தோன்றியது என்பது விளங்கும்.

பாட்டு வாய்வழியாகவே பரவிய காலத்தில் பெயர்ச் சீட்டு பாட்டினுள்ளேயே அமைந்திருந்தது. 1719 முதல் 1748 வரை டில்லியில் அரசாண்ட முகம்மது ஷா பாதுஷாவின் அவையில் நியாமத் கான் என்னும் மேதை இருந்தார். 'சதாரங்' என்ற புனைபெயரில் அவர் கயால் உருப்படிகளை இயற்றி, அப்பெயரைச் சாகித்யத்திலேயே பதித்தார். பல உருப்படிகளில் பாதுஷாவின் பெயரையும் சேர்த்தார். தெற்கே தியாகராஜர் தம் பெயரையே முத்திரையாக வைத்தார். முத்துசுவாமி தீட்சிதர் 'குருகுஹ' என்ற முத்திரையோடு, பல கீர்த்தனைகளில் ராகத்தின் பெயரையும் சொல்லோடு சொல்லாக இழைத்தார். பாடுகிறவர் மாறினாலும், ஊர் மாறினாலும், ஆக்கியவர் பெயர் பாட்டுடனேயே பயணம் செய்தது.

இயந்திரம் வந்தபோதும் இந்த அக்கறை மறையவில்லை. 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார். ஏறக்குறைய மூன்று நிமிஷத்தில் பாட்டை முடித்ததும், பாடகி தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். பதிவு ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரத்துக்குச் சென்று அங்கே தட்டாக உருப்பெற வேண்டியிருந்தது. நம் மொழிகளை அறியாத அந்நாட்டுத் தொழிலாளர் தட்டின் நடுவே சரியான சீட்டை ஒட்ட வேண்டுமே! அதற்காகவே இந்த ஏற்பாடு. பாட்டும் பெயரும் பிரிந்துவிடக் கூடாது என்பதை அன்றைய பதிவாளர்கள் உணர்ந்திருந்தார்கள்.

எனினும் தட்டின் நடுவிலிருந்த சிறிய வட்டத்தில் எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை. பாடகர் பெயர் வந்தது. ராகத்தின் பெயரும் வந்தது. சாரங்கியும் தபலாவும் வாசித்தவர்கள் பெரும்பாலும் விடுபட்டார்கள். இக்குறையை ஓரளவு நீக்கியது வானொலி. 1936-இல் அகில இந்திய வானொலி என்று பெயர் பெற்ற நிறுவனத்தில், அறிவிப்பாளர் பாட்டின் ராகம், தாளம், இயற்றியவர் ஆகியவற்றோடு பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களையும் படிப்பது மரபாயிற்று. 1952-இல் தேசிய சங்கீத நிகழ்ச்சி தொடங்கியபின், வடக்கே இருந்தவர் தெற்கின் மிருதங்க வித்வான் பெயரையும், தெற்கே இருந்தவர் வடக்கின் தபலா வித்வான் பெயரையும் காதாலேயே கற்றுக்கொண்டார்கள். ராகத்தை இனங்காணத் தெரியாதவரும் அறிவிப்பைக் கேட்டுக் கேட்டே ரசிகரானார். என் இசையறிவும் பெரும்பாலும் அவ்வழியில் வந்ததே.

1948-இல் அமெரிக்காவில் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு வெளிவந்தது. மூன்று நிமிஷத்துக்குள் சுருங்கியிருந்த ராகம் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கும் மேலாக விரிவு பெற்றது. 1955-இல் சரோட் மேதை அலி அக்பர் கான் அங்கே பதிவு செய்த தட்டில், வயலின் கலைஞர் யஹூதி மெனுஹின் தம் குரலிலேயே கலைஞர்களையும் வாத்தியங்களையும் அறிமுகம் செய்து வைத்தார். தபலா வாசித்த சதுர் லால் பெயரும் அதில் இடம் பெற்றது. அகன்ற உறையின் பின்புறத்தில் ராக விளக்கமும் கலைஞர் வரலாறும் அச்சாயின. பெயர்ச் சீட்டின் பொற்காலம் என்று அக்காலத்தைக் கூறலாம்.

வீழ்ச்சி கணிப்பொறியோடு வந்தது. இசையைச் சிறிய கோப்பாகச் சுருக்கும் எம்.பி.3 முறை பரவியபோது, கோப்பின் இறுதியில் பெயர் விவரம் எழுதுவதற்காக 1996-இல் ஐ.டி.3 என்னும் குறிப்பு முறை வகுக்கப்பட்டது. அதன் முழு அளவு 128 பைட்டு. பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, வேறு குறிப்புக்கு 30 என்று பங்கீடு நடந்தது. இயற்றியவருக்குக் கட்டம் இல்லை. பக்கவாத்தியத்துக்கும் ராகத்துக்கும் இல்லை. 80 இசை வகைகளைக் கொண்ட எண்பட்டியலில் உலகத்தின் செவ்வியல் இசை அனைத்துக்கும் சேர்த்து 32 என்ற ஓர் எண் மட்டும் கிடைத்தது. 1998-இல் இம்முறை விரிவடைந்து, இயற்றியவருக்கும் இசைக்குழுவை நடத்துபவருக்கும் இடம் அளித்தது. ராகமும் தாளமும் அப்போதும் வெளியே நின்றன. பாட்டு, கலைஞர், ஆல்பம் என்ற மூன்று கட்டங்களே இசை உலகத்தின் பொதுக் கணக்கேடாக நிலைத்துவிட்டன. பின்வந்த ஸ்ட்ரீமிங் சேவைகள் அக்கணக்கேட்டின் மீதே எழும்பின.

இதன் விளைவைச் சில உதாரணங்களால் காணலாம். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி நான்கு பகுதிகளைக் கொண்டது. சேவையின் கணக்கில் அவை நான்கு 'பாட்டுகள்'. மூன்றாம் பகுதி இடைவெளியின்றி நான்காம் பகுதிக்குள் பாய்வது அந்தப் படைப்பின் உயிர்நிலை. பாட்டுகளைக் கலைத்துப் போட்டு ஒலிக்கும் வசதியை அழுத்திவிட்டால் அந்தப் பாய்ச்சல் பாழாகிறது. 'கலைஞர்' என்ற கட்டத்தில் எழுத வேண்டியது பீத்தோவன் பெயரா, இசைக்குழுவின் பெயரா, அதை நடத்தியவர் பெயரா? ஒரு கம்பெனி ஒருவிதமாகவும், மற்றொரு கம்பெனி வேறுவிதமாகவும் எழுதுகின்றன. நம் சங்கீதத்தில் சிக்கல் இன்னும் பெரிது. 'தோடி' என்று தேடினால் ஹிந்துஸ்தானித் தோடியும் கர்நாடகத் தோடியும் கலந்து வரும். முன்னது நம்முடைய சுபபந்துவராளிக்கு நெருக்கமானது. பின்னதன் ஸ்வரங்களை வடக்கே பைரவி என்பார்கள். நம்முடைய பைரவியோ வேறு. பெயரை மட்டும் அறிந்த இயந்திரம் இந்த உறவை அறியாது.

வருவாய்க் கணக்கும் அவ்வாறே. ஸ்பாட்டிஃபை சேவையில் ஒரு பதிவு 30 விநாடி ஒலித்தால் ஒரு முறை கேட்கப்பட்டதாகக் கொள்வார்கள். 40 நிமிஷம் விரியும் தர்பாரி ராகமும் மூன்று நிமிஷப் பாட்டும் அக்கணக்கில் ஒன்றே. 2024-ஆம் ஆண்டு முதல், 12 மாதத்தில் 1000 முறையாவது ஒலிக்காத பதிவுக்கு அங்கே உரிமைத் தொகையில் பங்கு கிடையாது. அரிய துருபத் பதிவுகளுக்கு ஆயிரம் செவிகள் கிடைப்பது எளிதன்று. பெயர்ச் சீட்டு தவறாயிருந்தால், கேட்க விரும்புகிறவர்களும் அவற்றைக் கண்டடைய மாட்டார்கள்.

ஐரோப்பாவில் இக்குறையை உணர்ந்தோர் தனிச் சேவைகளை அமைத்தார்கள். பெர்லினில் இடாஜியோவும், ஆம்ஸ்டர்டாமில் பிரைம்ஃபோனிக்கும் தோன்றின. இயற்றியவர், படைப்பு, நடத்துபவர், இசைக்குழு, தனிக் கலைஞர் என்று எந்த வாயிலாகவும் அவற்றில் தேடலாம். ஒரு சிம்பொனியின் பகுதிகள் சேர்ந்தே நின்றன; கேட்ட நேரத்தை அளந்து பணம் பங்கிடும் முறையையும் கைக்கொண்டார்கள். 2021 ஆகஸ்டில் பிரைம்ஃபோனிக்கை ஆப்பிள் கம்பெனி வாங்கியது. அடுத்த மாதமே அச்சேவை மூடப்பட்டது. அந்த அனுபவத்தின்மீது 2023 மார்ச்சில் ஆப்பிள் மியூசிக் கிளாசிக்கல் என்னும் தனிச் செயலி, 50 லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளோடு வெளிவந்தது. கட்டங்களைத் திருத்தினால் அதே இசை எவ்வளவு எளிதாகக் கைக்கு வருகிறது என்பதை இவை மெய்ப்பித்தன. ஆனால் அவை ஐரோப்பிய இசையின் அளவுக்குத் தைத்த சட்டைகள். நம் ராகத்துக்கும் தாளத்துக்கும் அவற்றில் பை இல்லை.

நம் நாட்டில் பெருவாரியாக வழங்கும் பொதுச் சேவைகள் சினிமாப் பாட்டை மையமாகக் கொண்டு வளர்ந்தவை. அவற்றில் தொகையும் மலிவும் உண்டு. ராகத்தைப் பாட்டின் தலைப்பில் யாராவது எழுதியிருந்தால்தான் அதைத் தேடிக் காண முடிகிறது. அறிவிப்போடு கேட்க விரும்புகிறவருக்காக அகில இந்திய வானொலி 2016-இல் 'ராகம்' என்னும் 24 மணி நேரச் சங்கீத ஒலிபரப்பைத் தொடங்கியது. மற்றொரு புறம், பார்சிலோனாவின் பொம்பேயு பாப்ரா பல்கலைக்கழகத்தில் 2011 முதல் 2017 வரை நடந்த காம்ப்மியூசிக் என்னும் ஆராய்ச்சி, ஹிந்துஸ்தானி, கர்நாடக இசைகளுக்கு ராகம், தாளம், பக்கவாத்தியம் ஆகியவற்றோடு கூடிய பட்டியல் முறையை வகுத்துக் காட்டியது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற விதியில் நடக்கும் மியூசிக்பிரெய்ன்ஸ் என்னும் பொதுப் பட்டியலில் இன்று ராகத்துக்கும் தாளத்துக்கும் கட்டங்கள் உண்டு. ஆகவே இது இயந்திரத்தால் ஆகாத காரியமன்று. கேட்பாரின்மையே குறை.

சந்தா செலுத்துமுன் ரசிகர்கள் மூன்று சோதனைகளைச் செய்து பார்க்கலாம். பாடகரை விட்டுப் பக்கவாத்தியக்காரர் பெயரைக் கொடுத்துத் தேடுக. இடைவெளியின்றித் தொடர வேண்டிய இரு பகுதிகளை ஒலிக்கச் செய்து, நடுவே மௌனம் விழுகிறதா என்று கேட்க. ஒரு ராகத்தைத் தேடி, வந்தவற்றுள் எத்தனை அந்த ராகமே என்று எண்ணுக. மூன்றிலும் தேறும் சேவை, தொகை குறைந்ததாயினும் செவ்வியல் இசைக்கு உகந்தது. தேறாத இடத்தில் குறையை அவர்களுக்கு எழுதுவதும் ரசிகரின் கடமையே.

சாரங்கிப் பெரியவரின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். சில நாட்களுக்குப் பின் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பரணிலிருந்து எடுத்த பழைய தட்டின் உறை மேஜைமேல் கிடந்தது. பின்புறத்தில், கடைசி வரியில், மிகச் சிறிய எழுத்தில் அவர் பெயர் இருந்தது. சேவைக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லையாம். பேத்தி அந்த உறையைப் பார்த்துப் பார்த்து, மியூசிக்பிரெய்ன்ஸ் பட்டியலில் ராகம், தாளம், தபலா, தம்பூரா என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொண்டிருந்தாள். சாரங்கி என்ற இடம் வந்ததும் கையை நிறுத்தி, "எழுத்துக்கூட்டல் சரிதானா, தாதாஜி?" என்று கேட்டாள். பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையருகே குனிந்து, தம் பெயரை எழுத்து எழுத்தாகச் சரி பார்த்தார்.