கோல்ஃப் மட்டைகளை மாற்றும் கால இடைவெளி

கோல்ஃப் ஆட்டக்காரர் ஒரு சுற்றில் அதிகபட்சம் 14 மட்டைகளை எடுத்துச் செல்லலாம். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938இலும், ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பு 1939இலும் இந்த வரம்பைக் கொண்டுவந்தன. இந்தப் பதினான்கும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. எது விரைவில் தேய்கிறதோ அதைத் தாமதமாகவும், எது மெல்லத் தேய்கிறதோ அதை அவசரமாகவும் மாற்றுவதுதான் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களிடம் பரவலாகக் காணப்படும் பழக்கம்.

முதலில் தேய்வது வெட்ஜ். குழி இருக்கும் கிரீனுக்கு அருகிலிருந்தும் பங்கர் மணலிலிருந்தும் பந்தை உயர்த்தி அடிக்க உதவும் இந்த மட்டையின் முகப்பில் மெல்லிய வரிப்பள்ளங்கள் உண்டு. புல்லின் ஈரத்தை வெளியேற்றிப் பந்தைப் பற்றிச் சுழலவைப்பவை அவையே. ஒவ்வொரு அடியிலும் மணல் அவற்றின் விளிம்பை அராவுகிறது. விளிம்பு மழுங்கினால் பந்தின் சுழற்சி குறையும். கிரீனில் விழுந்த பந்து நிற்காமல் ஓடும். கூர்மையான விளிம்புக்கு 2010 முதல் தொழில்முறைப் போட்டிகளில் கட்டுப்பாடு உள்ளதால், தொடக்கத்திலேயே அளவாக இருக்கும் கூர்மை தேய்மானத்தால் மேலும் குறைகிறது. தொழில்முறை வீரர்கள் மிகச் சாய்வான வெட்ஜை ஒரே பருவத்தில் பலமுறை மாற்றுகிறார்கள். மற்றவர்களுக்கு ஏறத்தாழ 75 சுற்றுகள் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. வாரம் ஒருமுறை ஆடுபவருக்கு அது ஒன்றரை ஆண்டு. பயிற்சிக்காக மணலில் மணிக்கணக்கில் அடிப்பவருக்கு இன்னும் குறைவு.

பந்தை வெகுதூரம் அடிக்க உதவும் ட்ரைவரின் கதை நேர்மாறானது. மெல்லிய டைட்டானியம் முகப்பு பல்லாயிரம் அடிகளில் தளர்ந்து, உடைவதற்கு முன் பந்தை இன்னும் வேகமாகத் துள்ளவைக்கும். முகப்பின் துள்ளலை அளக்கும் சோதனையில், அனுமதிக்கப்பட்ட பிழை அளவையும் சேர்த்து, 257 மைக்ரோநொடி என்பது உச்ச வரம்பு. வேகமாக வீசும் வீரர்களின் ட்ரைவர்கள் புதிதாக இருந்தபோது தேறி, பின்னர் இந்த வரம்பைத் தாண்டிவிடுவதுண்டு. 2019ஆம் ஆண்டு ஓப்பன் போட்டியில் சாண்டர் ஷாஃபிலியின் ட்ரைவர் சோதனையில் தவறியது. 2025 பிஜிஏ சாம்பியன்ஷிப்புக்கு முன் ஸ்காட்டி ஷெஃப்லருக்கும் அதுவே நேர்ந்தது. மாற்று ட்ரைவருடன் ஆடி அவர் கோப்பையை வென்றார்.

மெதுவாக வீசும் சாதாரண ஆட்டக்காரரின் ட்ரைவர் அப்படித் தளர்வது அரிது. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, துள்ளலுக்கும் வரம்பு உண்டு என்ற விதிகள் 2004 முதல் இருப்பதால், அடுத்தடுத்த ஆண்டு மாடல்களுக்கிடையே தூர வித்தியாசம் சிறிதே. தன் வீச்சுக்குப் பொருந்தாத ட்ரைவர் வைத்திருப்பவருக்கு மாற்றம் பலன் தரும். பொருந்தியதை வைத்திருப்பவர் ஆண்டுதோறும் மாற்றுவது வீண்செலவு.

அயர்ன் மட்டைகள் பத்தாண்டுகள்கூடத் தாங்கும். மென்மையான எஃகில் வார்க்காமல் அடித்துச் செய்தவற்றின் சாய்வு மட்டும் நாளடைவில் வளையலாம். அளந்து நிமிர்த்திக்கொண்டால் போதும். ஃபேர்வே வுட் மட்டைகளும் நீண்ட ஆயுள் கொண்டவை. ஹென்ரிக் ஸ்டென்சன் தன் பழைய 3-வுட்டை, அந்த மாடல் கடைகளிலிருந்து மறைந்த பின்பும் பல ஆண்டுகள் கைவிடவில்லை.

கிரீனில் பந்தை உருட்டிவிட உதவும் புட்டரை மாற்றுவது பெரும்பாலும் மனம் சார்ந்தது. டைகர் வுட்ஸ் 1999இல் கையில் எடுத்த ஸ்காட்டி கேமரன் புட்டரால் தன் 15 மேஜர் பட்டங்களில் 14ஐ வென்றார். இடையில் சிலகாலம் வேறு புட்டர்களை முயன்றுவிட்டு அதற்கே திரும்பினார். பென் கிரென்ஷா பதின்பருவத்தில் கிடைத்த புட்டரையே 1984 மாஸ்டர்ஸ் வெற்றியிலும் பயன்படுத்தினார்.

எல்லா மட்டைகளுக்கும் பொதுவாகத் தேய்வது கைப்பிடி ரப்பர். வியர்வையும் வெயிலும் அதை வழுவழுப்பாக்க, ஆட்டக்காரர் தன்னை அறியாமலே பிடியை இறுக்குகிறார், வீச்சு கெடுகிறது. வழக்கமாக ஆடுபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இதை மாற்றுவது நல்லது. புது மட்டையின் விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.