மாஸ்டரும் மஸ்டரும்: பத்லி தொழிலாளியின் கதை

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் கேம் 2004-ல் வந்தது. பூதம், மந்திரம், டிராகன் என்று சண்டை போடுவது போக, அதில் தையல், கொல்லு வேலை, தோல் வேலை என்று கைத்தொழிலும் கற்றுக்கொள்ளலாம். ஆரம்பத்தில் நீங்கள் அப்ரண்டிஸ். 75 பாயின்ட் வரை அதுதான் பட்டம். அடுத்து 150 வரை ஜர்னிமேன். 225 வரை எக்ஸ்பர்ட், 300 வரை ஆர்ட்டிசன். 2007-ல் வந்த அடுத்த பாகத்தில் அதற்கும் மேலே மாஸ்டர் என்று ஒரு படி சேர்த்தார்கள்.

இதில் ஒரு அழகு என்னவென்றால், தைக்கத் தைக்க பாயின்ட் ஏறும். பாயின்ட் ஏறினால் பயிற்சியாளரிடம் கொஞ்சம் காசு கொடுத்து அடுத்த படிக்குப் போய்விடலாம். "இப்போதைக்கு இடம் இல்லை, நாளைக்கு வா" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நிஜ உலகத்தில் அந்த நடுப்படி இப்படி இருந்ததில்லை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நிச்சயமாக இல்லை.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். ஜர்னிமேன் என்றதும் ஊர் ஊராகப் பயணம் போகிறவன் என்று தோன்றும். ஜெர்மனியில் தச்சர், கொத்தனார் போன்றவர்கள் தொழில் படித்து முடித்ததும் மூன்று வருடம் ஒரு நாள் ஊர் சுற்றி வேலை செய்கிற வழக்கம் இன்றும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஆனால் சொல்லின் வேர் வேறு. பிரெஞ்சு மொழியில் 'ழூர்னே' என்றால் ஒரு நாள். ஆக ஜர்னிமேன் என்பவர் நாள் கணக்கில் கூலி வாங்குகிறவர். நம்ம ஊர் பாஷையில் தினக்கூலி. அவ்வளவுதான்!

இங்கிலாந்தில் 1563-ல் வந்த சட்டம் ஒரு தொழிலைச் செய்ய ஏழு வருடம் அப்ரண்டிஸாக இருக்க வேண்டும் என்றது. அந்த விதி 1814-ல்தான் நீக்கப்பட்டது. ஐரோப்பிய நகரங்களில் தொழில் படித்து முடித்தவருக்கு வேலை முழுதாகத் தெரியும். ஆனாலும் சொந்தப் பட்டறை வைக்க சங்கம் அனுமதிக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், செலவு பிடிக்கும் ஒரு மாதிரிப் படைப்பைச் செய்து காட்ட வேண்டும். மாஸ்டரின் மகன் என்றால் பல இடங்களில் சலுகை உண்டு. மற்றவர்களில் பலர் நரைக்கும் வரை தினக்கூலிதான். கைக்குத் தெரியாததால் அவர்கள் நிற்கவில்லை. வாசல் திறக்காததால் நின்றார்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

ராஜபாளையத்தில் 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன் பிறகு ஊரே பஞ்சாலை ஊராகிவிட்டது. பஞ்சாலை என்றால் சங்கு ஊதினால் ஷிஃப்ட். ஷிஃப்ட் தொடங்கும்போது ஒவ்வொரு மெஷினுக்கும் ஆள் நின்றாக வேண்டும். ஒருவர் வரவில்லை என்றால் அந்த இடத்தில் நிற்க இன்னொருவர் தயாராக இருக்க வேண்டும். அவருக்குப் பெயர் பத்லி. 'மாற்று' என்று பொருள்படும் இந்தி வார்த்தை இது. ஒரு ஊருக்கோ ஒரு மில்லுக்கோ சொந்தமான ஏற்பாடு இல்லை, இந்தியப் பஞ்சாலைகள் பலவற்றிலும் இருந்தது.

பத்லிக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. அறுந்த நூலை ஓடுகிற ஸ்பிண்டிலில் ஒட்டத் தெரியும், நூல் நிறைந்த பாபினை மாற்றத் தெரியும். இன்றைக்கு ஒரு மெஷின், நாளைக்கு வேறு மெஷின் என்று போவதால் பல வேலையும் தெரியும். நிரந்தரத் தொழிலாளி செய்கிற அதே வேலையைத்தான் அவரும் செய்கிறார். ஒரே வித்தியாசம், மஸ்டர் ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் நிரந்தரம் என்ற வரிசையில் அவர் பெயர் இல்லை. இங்கே மாஸ்டர் ஆவது பெரிய விஷயம் இல்லை, மஸ்டரில் ஏறுவதுதான் பெரிய விஷயம்!

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் பார்க்கவோ, வீட்டுக் கல்யாணத்துக்கோ நிரந்தரத் தொழிலாளி லீவு போட்டால் பத்லிக்கு வேலை. அவர் லீவு போடாவிட்டால் பத்லி கேட்டிலிருந்தே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அடுத்தவர் வீட்டு விசேஷம்தான் இவர் வீட்டு அரிசி.

கேட்டில் நிற்கும் பத்துப் பேரில் யாரை உள்ளே விடுவது? அந்தக் காலத்தில் அதை முடிவு செய்தவர் மேஸ்திரி. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய 1929-ல் அமைக்கப்பட்ட விட்லி கமிஷன், வேலைக்கு ஆள் எடுப்பதில் மேஸ்திரிகள் லஞ்சம் வாங்குவதை 1931 அறிக்கையில் எழுதியது. ஆளை எடுக்கும், நீக்கும் அதிகாரத்தை அவர்கள் கையிலிருந்து எடுக்கச் சொன்னது. பம்பாய் மில் முதலாளிகள் 1935-ல் பத்லிகளுக்கு மாதா மாதம் கார்டு கொடுத்து, கார்டு உள்ளவர்களுக்கு மட்டுமே வேலை என்று ஒரு முறை கொண்டு வந்தார்கள்.

சுதந்திரத்துக்குச் சற்று முன் 1946-ல் வந்த நிலையாணைச் சட்டத்தின் மாதிரி விதிகள் தொழிலாளியை நிரந்தரம், தகுதிகாண் நிலை, பத்லி, தற்காலிகம், கேஷுவல், அப்ரண்டிஸ் என்று ஆறாகப் பிரித்தன. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வரும் வரை அந்தச் சட்டம் இருந்தது. கேமில் இருப்பது போல இங்கேயும் படிகள்தான். ஆனால் பத்லி நிரந்தரமாக எத்தனை பாயின்ட் என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை.

தமிழ்நாடு 1981-ல் அதைச் சொன்னது. தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் என்று ஒன்று அந்த வருடம் வந்தது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம். தொழிலாளி என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்தில் பத்லியும் உண்டு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 480-ஐ 24-ஆல் வகுத்தால் மாதம் 20 நாள். மாதம் 19 நாள் மட்டும் வேலை கிடைத்தவருக்கு இரண்டு வருடத்தில் 456 நாள். 24 நாள் குறைவு! கையில் வித்தை இருக்கிறது, பாயின்ட்டும் கிட்டத்தட்ட இருக்கிறது. ஆனால் வேலை கொடுக்கும் நாளை எண்ணுவது அவர் இல்லையே.

பக்கத்தில் 11, 12 கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரமும் பால்கோவாவும் எல்லோருக்கும் தெரியும். கைத்தறி ஊர் என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. தறியில் சங்கும் கிடையாது, கேட்டும் கிடையாது. ஆனால் அங்கேயும் நடுப்படி உண்டு.

கைத்தறி உலகில் மாஸ்டர் வீவர் என்று ஒருவர் இருப்பார். பெயரைப் பார்த்தால் பெரிய கைகாரர் என்று தோன்றும். நெசவு தெரிந்தவராகவும் இருக்கலாம். ஆனால் அவரை மாஸ்டர் ஆக்குவது நூல் வாங்கும் பணம். அவர் பாவும் ஊடைநூலும் கொடுப்பார், நெய்த துணியை வாங்கிக்கொண்டு கூலி கொடுப்பார். முப்பது வருடம் நெய்தவரும், வீட்டில் சொந்தத் தறி உள்ளவரும்கூட நூல் வாங்கப் பணம் இல்லாவிட்டால் கூலி நெசவாளர்தான். இந்த இடத்தை உடைக்கத்தான் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. கோ-ஆப்டெக்ஸ் 1935-ல் தொடங்கியது. சங்கமே நூல் கொடுத்து சங்கமே துணியை வாங்கிக்கொண்டால் தனி ஆளின் தயவு வேண்டாம் என்பதுதான் யோசனை.

ஆக மில்லில் தடுத்தது பதிவேடு, தறியில் தடுத்தது முதல். இரண்டு இடத்திலும் திறமை தடையாக இருக்கவில்லை.

கதை இதோடு முடிந்தால் பரவாயில்லை. 2000-களில் கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரப் பஞ்சாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயர் பெரிதாக அடிபட்டது. இளம் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் அப்ரண்டிஸ் என்று சேர்த்து, ஹாஸ்டலில் தங்க வைத்து, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லும் ஏற்பாடு. 2008-ல் பஞ்சாலை அப்ரண்டிஸ்களுக்கென்றே தமிழக அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க வேண்டி வந்தது.

இங்கேயும் கணக்கைப் பாருங்கள். மூன்று வருடத்தில் ஏறத்தாழ 1095 நாள். 480 எப்போதோ தாண்டியாயிற்று. ஆனால் அப்ரண்டிஸ் என்ற பெயர் மாறாமல் இருந்தால், கற்றுக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். 1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி இல்லை. பத்லிக்கு நடுப்படியாவது இருந்தது. இந்தப் பெண்களுக்கு முதல் படியைத் தாண்டவே விடவில்லை.

கேமில் நடுப்படி கொஞ்ச நேரம் போரடிக்கும், பிறகு தாண்டிவிடும். நிஜத்தில் அந்தப் படியில் ஒரு ஆயுளே போனவர்கள் உண்டு. ஒரு வேலையில் "இன்னும் கத்துக்கணும்" என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். இன்னும் என்ன கற்க வேண்டும்? கற்று முடித்தாயிற்று என்று எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது?